'முன்', 'பின்' படங்களுக்கு நடுவில் என்ன நடந்தது?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

பழைய மேசை, அலமாரிகளை வாங்கி பெயின்ட் அடித்து, மேலே பூப்போட்ட காகிதம் ஒட்டிப் புதிதாக்குவது பற்றி வீட்டு அலங்காரப் பக்கங்களில் எழுதுகிறவர்கள் 'முன்', 'பின்' என்று இரண்டு படம் போடுகிறார்கள். நடுவில் நடக்கிற வேலையை மட்டும் இரண்டே வரியில் முடித்துவிடுகிறார்கள். பல வருடங்களாக இந்த வேலையை ஆசையாகச் செய்து வருகிறவள் என்ற முறையில், விட்டுப்போகிற விஷயங்களைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

முதலில் ஈயம். பழைய பெயின்டைப் பார்த்ததும் உப்புத்தாளை எடுத்துக்கொண்டு தேய்க்க உட்கார்ந்துவிடுகிறோம். ஆனால் ஒரு காலத்தில் வெள்ளைக்கும் மஞ்சளுக்கும் நிறமியாகவும், பெயின்ட் சீக்கிரம் காய்வதற்காகவும் ஈயச் சேர்மங்களைத் தாராளமாகக் கலந்தார்கள். அமெரிக்காவிலேயே வீட்டு பெயின்டில் ஈயத்துக்குத் தடை வந்தது 1978-இல்தான், பல நாடுகளில் அதற்கும் வெகுகாலம் கழித்துத்தான் வரம்பு வந்தது. அப்படிப்பட்ட பெயின்டை உலர்வாகத் தேய்த்தால் கண்ணுக்குத் தெரியாத தூசியாகப் பறந்து தரையில் படியும், அதில் தவழ்கிற குழந்தையின் கைவழியாக வாய்க்குப் போகும். குழந்தையின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கிற பொருள் அது. 'இவ்வளவு வரை ஆபத்தில்லை' என்று சொல்லத்தக்க அளவு எதுவும் தெரியவில்லை என்கிறது உலக சுகாதார நிறுவனம். அதனால் எப்போது அடித்தது என்று தெரியாத பெயின்டாக இருந்தால், ஒரு சிறு செதிலை ஆய்வகத்தில் கொடுத்துப் பார்க்கலாம். அதற்கு வழியில்லையென்றால் தேய்க்கவோ சூடுகாட்டி உரிக்கவோ வேண்டாம். தொட்டில், குழந்தை நாற்காலி என்றால் நான் தொடவே மாட்டேன், எவ்வளவு அழகாக இருந்தாலும் சரி.

அடுத்தது மரம். பின்பக்கத்தில் பொடிப்பொடி துளைகளும் கீழே புதிதாக உதிர்ந்த மாவும் இருந்தால் உள்ளே பூச்சி இன்னும் உயிரோடு இருக்கிறது, அதன்மேல் பெயின்ட் அடித்துப் பயனில்லை. மரத்தூளை அழுத்திச் செய்த பலகை என்றால், ஓரங்களில் ஈரம் ஏறி உப்பியிருக்கிறதா என்று தடவிப் பாருங்கள். ஒருமுறை உப்பினால் பழைய நிலைக்குத் திரும்பாது. நல்ல கெட்டி மரமும் அழகான ரேகையும் இருந்தால், தயவுசெய்து அதைப் பெயின்டால் மூடாதீர்கள், எண்ணெயோ வார்னிஷோ போதும். (ஆளிவிதை எண்ணெய் தேய்த்த துணியைச் சுருட்டிப் போட்டுவிடாதீர்கள், காயும்போது உண்டாகும் சூட்டில் தானாகவே தீப்பிடிக்கும். விரித்துக் காயப் போடவேண்டும்.)

தேய்ப்பதற்கு முன்னால் கழுவுவதையும் யாரும் எழுதுவதில்லை. வருடக்கணக்கான மெழுகும் கைப்பிசுக்கும் போகாமல் உப்புத்தாள் போட்டால், அந்த அழுக்கைத்தான் மரத்துக்குள் தேய்த்து ஏற்றுகிறோம். சிவப்பேறிய மரத்தில் நேராக வெள்ளை அடித்த ஒரு புத்தக அலமாரி மூன்றாம் நாள் பழுப்புத் திட்டுத்திட்டாக நின்றபோது எனக்கு அழுகையே வந்துவிட்டது. மரத்தின் சாயம் பெயின்ட் வழியாக மேலே கசிந்திருந்தது. மறுபடி இரண்டு கோட் வெள்ளை அடித்தும் மறையவில்லை. அரக்கை அடிப்படையாகக் கொண்ட பிரைமர் (பெயின்டுக்கு முன் அடிக்கும் அடிப்பூச்சு) ஒரு கோட் அடித்த பிறகுதான் கசிவு நின்றது.

அப்புறம் டெகூபாஜ், அதாவது காகிதம் வெட்டி ஒட்டுவது. 18-ஆம் நூற்றாண்டில் பளபளப்பான பூச்சுக் கொடுத்த கிழக்காசிய மரச்சாமான்களின் மேல் ஐரோப்பாவுக்குப் பெரும் மோகம் இருந்தது. அதைப் போலவே செய்ய, வெனிஸ் கைவினைஞர்கள் அச்சிட்ட படங்களை வெட்டி, நிறம் தீட்டி, மரத்தில் ஒட்டி, காகிதத்தின் விளிம்பு விரலுக்குத் தட்டாதவரை வார்னிஷை அடுக்கடுக்காக ஏற்றினார்கள். அந்த விளிம்பு மறைவதில்தான் இந்தக் கலையே இருக்கிறது, இன்று பலர் ஒரே கோட்டோடு நிறுத்திவிடுகிறார்கள். காகித நாப்கின் என்றால் அச்சிட்ட மேல் ஏட்டை மட்டும் பிரித்து ஒட்டவேண்டும். வீட்டு இங்க்ஜெட் பிரின்டரில் எடுத்த படம் பசையின் ஈரத்தில் கரையும், லேசர் அச்சு கரையாது. வெள்ளை பெயின்டுக்கு மேல் எண்ணெய் வார்னிஷ் நாளாக நாளாக மஞ்சளாகிவிடும், நீரை அடிப்படையாகக் கொண்ட வகைதான் நல்லது. தொட்டால் ஒட்டவில்லை என்பதற்காகக் காய்ந்துவிட்டது என்று அர்த்தமில்லை, முழுதாக இறுகச் சில வாரங்கள் ஆகும், அதுவரை அதன்மேல் பாரம் வைக்கக்கூடாது.

ஆகவே உங்களிடம் ஒரு வேண்டுகோள். அடுத்த முறை இப்படி ஒரு கட்டுரை வரும்போது, எழுதியவரிடம் மூன்றாவதாக ஒரு படமும் கேட்டு வாங்கிப் போடுங்கள். கழுவி, இழுப்பறைகளைக் கழற்றி வைத்து, பாதி தேய்த்த நிலையில் இருக்கும் அலமாரியின் படம்.

இப்படிக்கு,
ஒரு வாசகி