ஐரோப்பிய ரயில் பயணமும் எல்லைச் சோதனைகளும்

ஆசிரியருக்கு,

ஐரோப்பிய ரயில் பயணம் குறித்துத் தங்கள் சுற்றுலாப் பக்கத்தில் வெளிவந்த கட்டுரை, ஊர்களையும் கட்டணச் சலுகைகளையும் நன்கு விளக்கியிருந்தது. ஆனால், பல ஐரோப்பிய நாடுகளுக்குப் பொதுவான ஷெங்கன் விசா இருந்தால் எல்லைகளில் எந்தச் சோதனையும் இராது என்று அதில் கூறப்பட்டிருப்பது இன்றைய நிலைக்குப் பொருந்தாது.

ஷெங்கன் நாடுகளுக்கு இடையிலான உள் எல்லைகளில் தற்காலிகச் சோதனை நடத்த ஷெங்கன் விதிகளே இடமளிக்கின்றன. பிரான்ஸ் 2015 நவம்பரில் தொடங்கிய சோதனையை இன்றளவும் நீட்டித்து வருகிறது. ஜெர்மனி 2024 செப்டம்பர் 16 முதல் தன் நில எல்லைகள் அனைத்திலும், போலந்து 2025 ஜூலையில் ஜெர்மனி, லிதுவேனியா எல்லைகளிலும் சோதனையைக் கொண்டுவந்தன. பெரும்பாலும் போலீஸார் பெட்டிக்குள் வந்து கடவுச்சீட்டைப் பார்த்துச் செல்வதோடு இது முடிந்துவிடும். எனினும், 2015 இலையுதிர் காலத்தில் ஜெர்மனியின் மியூனிக் – ஆஸ்திரியாவின் சால்ஸ்பர்க் நேரடி ரயில்கள் பல வாரங்கள் நிறுத்தப்பட்டதையும், 2016 ஜனவரியில் டென்மார்க்கின் கோபன்ஹேகனிலிருந்து ஸ்வீடனின் மால்மோவுக்குச் செல்வோர் விமான நிலைய ரயில் நிலையத்தில் இறங்கி, அடையாள அட்டையைக் காட்டி, வேறு ரயிலில் ஏற நேர்ந்ததையும் மறந்துவிட முடியாது.

இத்தகைய சோதனையால் ரயில் தாமதமாகி, அடுத்து ஏற வேண்டிய இணைப்பு ரயில் தவறக்கூடும். எனவே, பயணத்தின் ஒவ்வொரு கட்டத்துக்கும் வாங்குமாறு கட்டுரை பரிந்துரைக்கும் தனித்தனி மலிவுச் சீட்டுகள் எல்லை கடக்கும் பயணத்துக்கு உகந்தவை அல்ல என்பது என் கருத்து. 2023 ஜூன் 7 முதல் நடைமுறையில் உள்ள ஐரோப்பிய ஒன்றியத்தின் ரயில் பயணிகள் உரிமைச் சட்டப்படி, முழுப் பயணமும் ஒரே ஒப்பந்தமாக அமைந்த சீட்டை வைத்திருப்பவர் இணைப்பு ரயிலைத் தவறவிட்டால், மாற்று ரயிலில் பயணத்தைத் தொடரலாம் அல்லது பணத்தைத் திரும்பப் பெறலாம். தனித்தனிச் சீட்டு வாங்கியவருக்கு இந்தப் பாதுகாப்பு இல்லை. அடுத்த ரயிலுக்கு, அன்றைய உச்சக் கட்டணத்தில், புதிய சீட்டுதான் வாங்க வேண்டியிருக்கும். இன்னொன்றையும் சொல்ல வேண்டும்: ஒரு மணி நேரத் தாமதத்துக்குக் கட்டணத்தில் 25 சதவீதமும் இரண்டு மணி நேரத்துக்கு 50 சதவீதமும் இழப்பீடு உண்டு என்றாலும், போலீஸ் நடவடிக்கையால் ஏற்படும் தாமதத்துக்கு அதை மறுக்கச் சட்டமே அனுமதிக்கிறது. ஆகவே, இழப்பீட்டை நம்புவதைவிட, எல்லைக்கு அப்பால் இணைப்பு ரயில் பிடிக்க ஒரு மணி நேரமாவது இடைவெளி விடுவதும், நாளின் கடைசி ரயிலைத் தவிர்ப்பதும் பயன் தரும். முன்பதிவு கட்டாயமில்லாத ரயில்கள் மிகுந்த ஜெர்மனி, ஆஸ்திரியாவில் பல நாட்டு ரயில்களில் ஒரே சீட்டாகப் பயன்படும் யூரெயில் பாஸ் இருந்தால், ஒரு ரயில் தவறினாலும் அடுத்ததில் ஏறிக்கொள்ளலாம். முன்பதிவு கட்டாயமான பிரான்ஸின் அதிவேக ரயில்களில் அந்தச் சுதந்திரம் கிடையாது.

இந்தியக் கடவுச்சீட்டில் செல்வோர் அதை விடுதியறையில் வைத்துவிட்டுப் பக்கத்து நாட்டுக்கு ஒருநாள் பயணம் போகக் கூடாது. பாரிஸிலிருந்து லண்டனுக்கு ரயிலேறுவோர் ஷெங்கன் பகுதியை விட்டே வெளியேறுகிறார்கள். அவர்களுக்கு பிரிட்டன் விசா தனியாகத் தேவை என்பதுடன், ஒருமுறை நுழைவுக்கான ஷெங்கன் விசாவில் மீண்டும் பாரிஸுக்குத் திரும்பவும் இயலாது.

எந்தெந்த நாடுகள் எந்தத் தேதி வரை சோதனையை அறிவித்துள்ளன என்ற பட்டியலை ஐரோப்பிய ஆணையம் தன் இணையதளத்தில் வெளியிட்டு வருகிறது. விடுமுறைக் காலம் தொடங்கும் முன் அதைத் தமிழில் சுருக்கித் தங்கள் பக்கத்தில் வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
வாசகர், திருச்சி