சன்னலைச் சாத்தியவன் நான்தான்

பாம்பன்,
டிசம்பர் 14

அன்புள்ள சேவியர்,

உன் கடிதம் போன வாரமே வந்தது. பதில் எழுத விடாமல் இருமல் பிடித்துக்கொண்டது. எனக்கு மட்டுமில்லை, கோயில் பாடல் குழுவில் பதினாறு பேரில் பதினோரு பேர் படுத்துவிட்டோம். கிறிஸ்துமஸ் நெருங்குகிற நேரத்தில் ஒருத்தருக்கும் குரல் இல்லை!

ஊரே வாடைக்காற்றைத் திட்டுகிறது. மூன்றாம் எண் புயல் கூண்டு ஏற்றி நாலு நாளாகப் படகுகள் கரையில் கிடக்கின்றன. மழைத்தண்ணி தலையில் பட்டதுதான் காரணம் என்கிறாள் வீட்டுக்காரி. எனக்கென்னவோ மழை மேல் சந்தேகமில்லை. கிருமி ஆளிடமிருந்துதான் வரவேண்டும்.

அன்றைக்குச் சாரல் அடிக்கிறதே என்று பயிற்சி அறைச் சன்னல்களைச் சாத்தியவன் நான்தான். இரண்டு மணி நேரம் தொண்டை கிழியப் பாடினோம். பேசுவதைவிடப் பாடும்போது எச்சில் துளிகள் அதிகம் கிளம்பும். பெரியவை ஓர் ஆள் நீளத்துக்குள் கீழே விழுந்துவிடும். கண்ணுக்குத் தெரியாத நுண்துளிகளோ ஊதுபத்திப் புகை மாதிரி அறை முழுக்கச் சுற்றும். அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் 2020 மார்ச் 10 அன்று இப்படித்தான் ஒரு பாடல் குழு கூடியது. வாசலிலேயே சானிடைசர் கொடுத்தார்கள், கைகுலுக்கவில்லை. ஆனாலும் இரண்டரை மணி நேரப் பயிற்சிக்கு வந்த 61 பேரில் 53 பேருக்குக் கொரோனா என்று கணக்கிட்டார்கள். இருவர் இறந்துபோனார்கள்.

நீ அப்போது ரூபாய் நோட்டை இஸ்திரி போட்டாயே, ஞாபகம் இருக்கிறதா? ஆய்வகத்தில் கொரோனாக் கிருமி பிளாஸ்டிக்கிலும் எவர்சில்வரிலும் 72 மணி நேரம் வரை தாக்குப்பிடித்தது உண்மைதான். ஆனால் நேரம் ஆக ஆக அதன் அளவு வேகமாகக் குறைந்துவிடும். அதற்காகக் கையைச் சும்மா விட்டுவிடவும் முடியாது. சாதாரணச் சளிக் கிருமி கைவழியாக நன்றாகவே பரவும். நாங்களும் மூக்கைத் துடைத்த கையாலேயே ஒரே மைக்கை மாற்றி மாற்றிப் பிடித்தோம். ஆக, கொஞ்சம் மைக் வழியாகவும் வந்திருக்கலாம்.

மீன் ஏலக் கொட்டகையில் தினமும் எத்தனை பேர் கத்துகிறார்கள்! நாலு பக்கமும் திறப்பு, கடற்காற்று எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு போய்விடுகிறது. அதைப் பார்த்துத்தான் இப்போது பயிற்சியைத் தாழ்வாரத்துக்கு மாற்றியிருக்கிறோம். பாட்டுத்தாள் பறக்கிறது என்று ஆர்மோனியக்காரர் முணுமுணுக்கிறார். ஆளுக்கொரு சங்கு எடுத்து மேலே வைத்திருக்கிறோம்.

சரி, 23ஆம் தேதி வருகிறாய்தானே? கூண்டை இறக்கினால் நண்டு உண்டு. இல்லாவிட்டால் கருவாடுதான்.

அன்புடன்,
செபஸ்தியான்