விளிம்பைப் பார், கண்ணு

அன்புள்ள கண்ணு,

ஞாயிற்றுக்கிழமை நீ போனில் பேசியதிலிருந்து அம்மாவுக்கு மனசு அதிலேயே கிடக்கிறது. "ஒட்டவே மாட்டேங்குதும்மா, மூணாவது தடவையும் பூச்சு உரிஞ்சு வந்துடுச்சு" என்றாய். அந்த நேரத்தில் எனக்கு ஒன்றும் சொல்ல வரவில்லை. எழுதினால் நிதானமாகச் சொல்லலாம் என்று இப்போது உட்கார்ந்திருக்கிறேன்.

உன் சிங்கப்பூர் ஆய்வுக்கூடத்தை நான் பார்த்ததில்லை. ஆனால் நீ பூச்சுப் போட்டுப் பார்க்கும் அந்தச் செயற்கைக் கருவிழி கண்ணோடு ஒட்டாமல் போனால் என்ன ஆகும் என்பதைக் கருவிழி வார்டில் பல வருஷம் பக்கத்தில் இருந்து பார்த்திருக்கிறேன்.

வீடுகளுக்கு வெள்ளையடிக்கும் ஒருவர் எங்களிடம் வந்தார். சுண்ணாம்பு தெறித்து இரண்டு கண்ணும் வெந்துபோயிருந்தன. கண்தானத்தில் வந்த கருவிழியை இரண்டு முறை வைத்தார்கள், இரண்டும் மங்கிவிட்டன. கருவிழியின் ஓரத்தில் இருந்து அதன் மேல்தோலைப் புதுப்பித்துக்கொண்டே இருக்கும் செல்கள் செத்துப்போனால், யாருடைய கருவிழியை வைத்தாலும் அதே கதிதான். கடைசியாகச் செயற்கைக் கருவிழி, நாங்கள் கே-ப்ரோ என்போமே, தானக் கருவிழியின் நடுவைத் துளைத்து நிற்கும் தெளிந்த பிளாஸ்டிக் தண்டு, அதைப் பொருத்தினார்கள். கட்டுப் பிரித்த அன்று அவர் முதலில் சொன்னது: "செவுரு திட்டுத் திட்டா இருக்கே, யாரு அடிச்சது?" வார்டில் எல்லோரும் ஒரு நிமிஷம் வேலையை நிறுத்திவிட்டோம். நான் அழுதேன்.

அப்புறம் அவருடைய வாழ்க்கையே சொட்டு மருந்தாகிவிட்டது. தினமும் ஆன்டிபயாட்டிக். மேலே எந்நேரமும் ஒரு மெல்லிய காண்டாக்ட் லென்ஸ். மாதாமாதம் இரண்டு பஸ் மாறி வரவேண்டும், அன்றைக்குக் கூலி கிடையாது. ஒரு வருஷம் ஒழுங்காக வந்தார். பிறகு லென்ஸ் எங்கேயோ விழுந்துவிட்டது; நாலு மாதம் ஆளைக் காணோம். வந்தபோது, கண்ணைப் பெரிதாக்கிக் காட்டும் ஸ்லிட் லாம்பில், பிளாஸ்டிக் தண்டைச் சுற்றி இருந்த கருவிழி கரைந்து, பக்கவாட்டில் நீர் கசிந்துகொண்டிருந்தது. 'மெல்ட்' என்று ஒரே வார்த்தையில் எழுதுவார்கள். கிருமி உள்ளே போய்விட்டது. பார்வை போயிற்று.

"நோயாளி மருந்தைத் தொடரவில்லை" என்று பைலில் எழுதியிருந்தது. அந்த வரி இன்றைக்கும் எனக்கு உறுத்துகிறது. நிழலுக்குக்கூட உட்கார நேரமில்லாத மனுஷன் ஆயுசு முழுக்க ஒரு நாள் தவறாமல் மருந்து விட்டால்தான் தாங்கும் என்றால், அந்தச் சாதனம் இன்னும் முடிக்கப்படவில்லை என்றுதான் அர்த்தம். தவறை அவர் தலையில் போட எனக்கு மனசு வரவில்லை.

உனக்குக் காது குத்தியது ஞாபகம் இருக்காது. துளை ஆறியபோது தோல் உள்பக்கமாக மடிந்து துளையின் சுவரைப் போர்த்திக்கொண்டது. ஆனால் தங்கத்தோடு அது ஒட்டவில்லை, அதனால்தான் தோட்டைக் கழற்றி மாட்ட முடிகிறது. காதில் அந்த இடுக்கு இருந்தால் நஷ்டமில்லை, பின்னால் இருப்பது வெறும் காற்று. கண்ணில் அதே இடுக்குக்குப் பின்னால் கண்ணின் உள்நீர் இருக்கிறது. மேல்தோல் தண்டை ஒட்டியே கீழே இறங்கும், கண்ணீரில் இருக்கும் நொதிகள் கருவிழியைக் கட்டி நிறுத்தும் கொலாஜன் புரதத்தை அரிக்கும், கிருமிக்கு வாசல் திறந்துவிடும்.

1789லேயே பிரான்சில் பெலியே த கெங்ஸி என்ற மருத்துவர், வெள்ளி வளையத்தில் கண்ணாடி பதித்துக் கண்ணில் வைக்கலாம் என்று எழுதிவிட்டார். பார்க்கிற கண்ணாடி அன்றிலிருந்தே பெரிய சிக்கல் இல்லை. வளையத்தைச் சுற்றியுள்ள விளிம்புதான் எல்லோரையும் தோற்கடித்தது. நீ பூச்சுப் போடும் அந்த அக்ரிலிக் பிளாஸ்டிக்கையே எடுத்துக்கொள். இரண்டாம் உலகப் போரில் விமானிகளின் கண்ணுக்குள் தெறித்த அக்ரிலிக் சில்லுகள் உறுத்தாமல் அப்படியே கிடப்பதை லண்டனில் ஹரோல்ட் ரிட்லி என்ற கண் மருத்துவர் கவனித்தார். அதிலிருந்துதான் 1949ல் கண்புரைக்கு உள்ளே வைக்கும் லென்ஸ் வந்தது. கண் அதைப் பகைக்கவில்லை, சரி. ஆனால் உறவும் கொண்டாடவில்லை. கண்ணுக்குள் சும்மா கிடக்கும் லென்ஸுக்கு அந்தக் குணம் வரம். கண்ணைத் துளைத்து நிற்கும் தண்டுக்கு அதுவே சாபம்.

பாஸ்டனில் கிளாஸ் டோல்மன் என்ற கண் மருத்துவர் ஆயுள் முழுக்க இதோடு போராடினார். சட்டைப் பித்தான் மாதிரி முன்னே ஒரு தட்டு, பின்னே ஒரு தட்டு, நடுவில் தானமாக வந்த கருவிழி. 1992ல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. பின்தட்டில் துளைகள் போட்ட பிறகுதான், உள்நீரிலிருந்து கருவிழிக்குச் சத்துப் போய் மெல்ட் குறைந்தது. பிறகு டைட்டானியத் தட்டு வந்தது. அதே வடிவத்தில் கண் லென்ஸ் செய்யும் நம் மதுரை அரோலேப் நிறுவனம் குறைந்த செலவில் செய்ததால்தான் எங்கள் வார்டுக்கு வரும் மாதிரி ஆட்களுக்கும் அது எட்டியது. ஆனால் கவனி: தானக் கருவிழியும் நோயாளியின் கண்ணும் தையலில் சேர்ந்துவிடுகின்றன. தானக் கருவிழிக்கும் தண்டுக்கும் நடுவில்தான் இன்னமும் எதுவும் சேரவில்லை. உன் வேலை அந்த மயிரிழை இடம்.

உடம்பில் கெட்டியான ஒன்று தோலைத் துளைத்து வெளியே நின்றும் கசியாமல் இருக்கும் இடம் எது என்று யோசித்தாயா? பல். ஈறு அதைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. 1960களில் ரோமில் ஸ்ட்ராம்பெல்லி என்ற மருத்துவர் இதைத்தான் பிடித்துக்கொண்டார். நோயாளியின் கோரைப்பல்லை வேரும் எலும்புமாக எடுத்து, சீவி, நடுவில் துளையிட்டு, அக்ரிலிக் தண்டைப் பதிப்பார்கள். அதைச் சில மாதம் தோலுக்கடியில் வைத்திருந்து, சதை சுற்றி வளர்ந்த பிறகு கண்ணில் தைப்பார்கள். கன்னத்தின் உள்தோல் மேலே போர்வை. சென்னையில் சங்கர நேத்ராலயாவில் செய்கிறார்கள். எங்கள் நோயாளி ஒருத்தர் அங்கே போய் வந்தார். ரோஜா நிறத்தில் ஈரமான சதை, நடுவில் ஒரு கறுப்புப் புள்ளி. பார்க்கக் கஷ்டமாகத்தான் இருந்தது. ஆனால் அந்தப் புள்ளி வழியாகப் பேத்தியின் நோட்டைப் படித்தார். இத்தாலியில் ஃபால்சினெல்லி என்ற மருத்துவர் இப்படிப் பல் வைத்த 181 பேரைத் தொடர்ந்து பார்த்து, 18 வருஷம் கழித்தும் அது கண்ணில் தங்கியிருக்க 85 சதவீத வாய்ப்பு இருப்பதாக 2005ல் எழுதினார். உயிருள்ள எலும்பு உயிருள்ள சதையோடு பேசிக்கொள்கிறது, அவ்வளவுதான் ரகசியம்.

பல்லில் இருக்கும் தாதுவான ஹைட்ராக்ஸி அபடைட்டையே அக்ரிலிக்கின் மேல் பூச நீ முயல்வதாகச் சொன்னபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது அதனால்தான். ஒரு பல்லைப் பிடுங்காமல் பல்லின் வேலையை வாங்கப் பார்க்கிறாய். ஈரப் பாறையை விடாமல் பிடிக்கும் கடல் மட்டியின் பசையைப் பார்த்துச் செய்த அடிப்பூச்சைப் போட்டு, அதன் மேல் தாதுவை வளர்ப்பதாகவும் சொன்னாய். அது உரிந்து வந்ததில் எனக்கு ஆச்சரியமில்லை. கண் சிமிட்டிக்கொண்டே இருக்கும், அரித்தால் மனுஷன் கசக்குவான். கருவிழி இளகியது, உன் தண்டு இறுகியது. அந்த இரண்டும் சந்திக்கும் இடத்தில்தான் இழுபடும். இளகலிலிருந்து இறுகலுக்குப் படிப்படியாக மாறும் ஏதாவது ஒன்று நடுவில் வேண்டாமா? நீதான் சொல்லவேண்டும், எனக்குத் தெரிந்தது வார்டு மட்டும்.

இன்னொன்று. ஒட்டவைக்கும் ஆசையில் பார்க்கிற பகுதியை மறந்துவிடாதே. தண்டுக்குப் பின்னால் சவ்வு படர்ந்து பார்வை மறைந்த கண்களும் எங்களிடம் வந்தன. சுற்றிலும் செல்கள் குடியேற வேண்டும், நடுவில் ஒன்றுகூட ஏறக்கூடாது.

விளிம்பையே இடம் மாற்றியவர்களும் இருக்கிறார்கள். 2021 ஜனவரியில் இஸ்ரேலில் 78 வயதுக்காரர் ஒருவருக்கு வைத்த சாதனத்தில், நுண்ணிழைகளால் ஆன பாவாடை ஒன்று வெள்ளைவிழியின் மேல்தோலுக்கு அடியில் போய் உட்காருகிறது. கருவிழியில் ரத்தக்குழாய் இல்லை, ஆறுவதற்கு நாளாகும். அந்த மேல்தோலில் ரத்தம் ஓடுகிறது, அங்கே திசு சீக்கிரம் இழைக்குள் வளரும். ஆஸ்திரேலியாவில் துளைத்துளையான விளிம்போடு செய்த ஆல்ஃபாகார் என்ற செயற்கைக் கருவிழிக்குள்ளும் திசு வளரத்தான் செய்தது, ஆனாலும் சிலருக்குக் கருவிழி கரைந்தது. எனவே வளர்ந்தால் மட்டும் போதாது, வளர்ந்தது பட்டினி கிடக்காமல் உயிரோடு இருக்கவும் வேண்டும்.

உங்கள் கூட்டத்தில் ஏழாம் நாள் ஒட்டுவலிமை எவ்வளவு என்று கேட்பார்களாம். அதைச் சொல், தப்பில்லை. ஆனால் உன் நோட்டின் முதல் பக்கத்தில் வேறொரு கேள்வியை எழுதி வை: நாலு மாதம் ஆஸ்பத்திரிப் பக்கமே வரமுடியாத ஒருவரின் கண்ணில் இது தாங்குமா? அம்மா உன்னிடம் கேட்பது இந்த ஒன்றுதான்.

உரிந்த துண்டுகளைத் தூக்கிப் போடாதே. பூச்சு எந்தப் பக்கத்தில் விட்டது, அக்ரிலிக் பக்கமா, தாதுப் பக்கமா என்று நுண்ணோக்கியில் பார். அந்தப் படத்தை எனக்கும் அனுப்பு. புரியாவிட்டாலும் பார்ப்பேன், ஸ்லிட் லாம்பில் விளிம்பைப் பார்த்துப் பழகிய கண் இது.

அப்பா பூண்டு ஊறுகாய் போட்டு வைத்திருக்கிறார். பக்கத்து வீட்டுப் பையன் பதினாறாம் தேதி வருகிறான், அவனிடம் கொடுத்து அனுப்புகிறேன். ராத்திரி நேரத்தோடு சாப்பிடு.

அம்மா