லண்டன் கவுன்சில்களில் உறுப்பினராயுள்ள தமிழர்களுக்கு: முறைப்பாட்டை முறைப்பாடாகவே பதியச் செய்யுங்கள்

மதிப்புக்குரிய உறுப்பினர்களே,

ஹரோ, பிரெண்ட், குரொய்டன், மேர்ட்டன், நியூஹாம் என்று லண்டனில் தமிழர் செறிந்து வாழும் இடங்களில், கவுன்சிலோடு ஒரு சிக்கல் என்றால் நம்மவர்கள் முதலில் தேடுவது உங்கள் தொலைபேசி எண்ணைத்தான். கோயில் மண்டபத்திலும் சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்கூட வாசலிலும் உங்களை மறித்துப் பேசுகிறார்கள். நீங்களும் முகம் சுளிக்காமல் கேட்டு, உரிய அதிகாரிக்கு மின்னஞ்சல் அனுப்பி, முடிந்தவரை விரைவாகக் காரியத்தை முடித்துக் கொடுக்கிறீர்கள். அந்த உழைப்பை நான் மதிக்கிறேன். ஆனால் அந்த உதவியோடு விடயம் முடிந்துபோவதால், கவுன்சில்களின் தவறுகள் பற்றிய முறைப்பாடுகளைச் சுயாதீனமாக விசாரிக்கும் உள்ளூராட்சி ஒம்புட்ஸ்மன் வரை போயிருக்க வேண்டிய பல முறைப்பாடுகள் பிறக்காமலே போகின்றன. அதைப் பற்றித்தான் உங்களுக்கு இந்த மடலை எழுதுகிறேன்.

இங்கிலாந்தில் 1974ஆம் ஆண்டின் உள்ளூராட்சிச் சட்டத்தின் கீழ் உருவான இந்த அமைப்பு, 2017 முதல் உள்ளூராட்சி மற்றும் சமூகப் பராமரிப்பு ஒம்புட்ஸ்மன் என்ற பெயரில் இயங்குகிறது. தொடக்க காலத்தில் முறைப்பாடு ஒரு கவுன்சில் உறுப்பினரின் கையால்தான் அங்கே போய்ச் சேர வேண்டும் என்ற விதி இருந்தது. 1988இல் அந்த விதி நீக்கப்பட்டு, எந்தக் குடியிருப்பாளரும் கட்டணமின்றி நேரடியாக முறையிடலாம் என்றானது. சட்டம் எடுத்தெறிந்த அந்த இடைவழியை நம் சமூகம் மட்டும் வழக்கத்தால் திரும்பவும் ஏற்படுத்திக்கொண்டிருக்கிறது என்பதே என் கவலை. உறுப்பினரைத் தெரிந்தவருக்கு வேலை நடக்கிறது. தெரியாதவர் அடுத்த வீட்டிலேயே இருந்தாலும் அவருக்கு நடப்பதில்லை.

எனக்குத் தெரிந்த ஒரு முதிய அம்மா, முழங்கால் வலியால் குப்பைத் தொட்டியைத் தெருவோரம் வரை தள்ளிக்கொண்டு போக முடியாதவர். இப்படிப்பட்டவர்களின் வீட்டு வாசலுக்கே பணியாளர்கள் வந்து தொட்டியை எடுத்துச் சென்று, வெறுமையாக்கி, மீண்டும் வாசலிலேயே வைத்துவிட்டுப் போகும் ஏற்பாடு கவுன்சில்களில் உண்டு. அந்தப் பட்டியலில் பெயர் இருந்தும் அவருடைய தொட்டி அடிக்கடி விடுபட்டது. விடுபடும்போதெல்லாம் மகன் இணையத்தில் அறிவிப்பார், அல்லது தெரிந்த உறுப்பினருக்குச் சொல்வார். லொறி வந்து எடுத்துப் போகும். சில வாரங்களில் மறுபடியும் விடுபடும். கடைசியில் பொறுமையிழந்து கவுன்சிலிடம் விளக்கம் கேட்டபோது, அவர்களுடைய கணினியில் ஒவ்வோர் அறிவிப்பும் தனித்தனிச் சேவைக் கோரிக்கையாகப் பதியப்பட்டு, ஒவ்வொன்றும் ‘நிறைவேற்றப்பட்டது’ என்று மூடப்பட்டிருந்தது. முறைப்பாடு என்ற வகையில் ஒரு வரிகூட அங்கே இல்லை. உறுப்பினர் அனுப்பிய மின்னஞ்சல்களும் உறுப்பினர் விசாரணை என்ற வேறொரு கோப்பில் கிடந்தன.

இந்த வேறுபாட்டை அதிகாரிகள் நன்றாக அறிவார்கள். நம்மவர்களில் பெரும்பாலோர் அறியமாட்டார்கள். ‘என் தொட்டியை எடுக்கவில்லை, வந்து எடுங்கள்’ என்பது கோரிக்கை. ‘பலமுறை சொல்லியும் இது தொடர்கிறது, ஏன் என்று விசாரித்து எழுத்தில் பதில் தாருங்கள்’ என்பது முறைப்பாடு. 2024 பெப்ரவரியில் ஒம்புட்ஸ்மன் வெளியிட்ட முறைப்பாட்டுக் கையாளல் நெறிக்கோவை இந்த இரண்டையும் தெளிவாகப் பிரித்துக் காட்டுகிறது. அதன்படி முதற்கட்டப் பதில் 10 வேலை நாட்களிலும், அதில் திருப்தியில்லாதவருக்கு இரண்டாம் கட்டப் பதில் 20 வேலை நாட்களிலும் தரப்பட வேண்டும். சிக்கலான விடயங்களுக்குக் காரணம் சொல்லி இந்தக் காலத்தை நீட்டலாம். அந்த இறுதிப் பதிலைக் கையில் பெற்ற பிறகே ஒம்புட்ஸ்மனின் கதவு பொதுவாகத் திறக்கிறது. கவுன்சிலிடம் முறைப்படி முறையிடாமல் நேரே போகிறவரை அவர்கள் திருப்பி அனுப்பிவிடுவார்கள். சிக்கல் தெரியவந்த நாளிலிருந்து 12 மாதங்களுக்குள் அவர்களிடம் போக வேண்டும் என்ற வரம்பும் இருப்பதால், உங்களுக்கும் அதிகாரிக்கும் இடையே மின்னஞ்சல்கள் போய்வந்துகொண்டிருக்கும் மாதங்களில் அந்தக் குடியிருப்பாளரின் காலம் கரைந்துகொண்டிருக்கிறது என்பதை நினைவில் வைக்க வேண்டுகிறேன்.

ஒம்புட்ஸ்மனால் ஆகாத காரியங்களையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். பொய்யான நம்பிக்கை கொடுத்து அனுப்புவது அந்த மக்களுக்குச் செய்யும் இன்னொரு அநியாயம். ஒரே ஒரு தடவை தொட்டி விடுபட்டதற்காக அவர்கள் விசாரணை தொடங்குவதில்லை. கவுன்சில் செய்த தவறால் அந்த மனிதருக்குக் குறிப்பிடத்தக்க பாதிப்பு ஏற்பட்டிருக்க வேண்டும். வாகனத் தரிப்புத் தண்டத்துக்கும் வீட்டு வாடகை உதவித்தொகை முடிவுக்கும் தனித் தீர்ப்பாயங்கள் உள்ளன. கவுன்சில் வீட்டில் குடியிருப்பவர் திருத்த வேலை பற்றி முறையிட வேண்டிய இடம் வீடமைப்பு ஒம்புட்ஸ்மன். கவுன்சில் வரியை உயர்த்தியது போல, பகுதியிலுள்ள எல்லோரையுமோ பெரும்பாலோரையுமோ ஒரே விதமாகப் பாதிக்கும் விடயங்களைச் சட்டமே அவர்களுக்கு விலக்கி வைத்திருக்கிறது.

நம்மிடையே மிகுதியாக எழும் கட்டட அனுமதிச் சிக்கலை எடுத்துக்கொள்ளுங்கள். வீட்டைப் பின்பக்கம் நீட்டிக் கட்டக் கேட்டு மறுக்கப்பட்டவருக்குத் திட்டமிடல் மேன்முறையீடுகளை விசாரிக்கும் அரச அமைப்பான திட்டமிடல் ஆய்வகத்தில் (Planning Inspectorate) மேன்முறையீட்டு உரிமை உண்டு. ஆகவே அவருடைய வழி அது. பக்கத்து வீட்டுக்கு அனுமதி கொடுக்கப்பட்டதால் தன் அடுப்பங்கரை இருண்டுபோன அயலவருக்கு அந்த உரிமை இல்லை. அவர்தான் ஒம்புட்ஸ்மனிடம் போகக்கூடியவர். போனாலும், அனுமதி கொடுத்தது சரியா பிழையா என்று அவர்கள் தீர்ப்புச் சொல்லமாட்டார்கள். அயலவரின் ஆட்சேபத்தை அதிகாரி தன் அறிக்கையில் கருத்திலெடுத்தாரா, வெளிச்சம் மறைபடுவது பற்றி ஆராய்ந்தாரா, விதிப்படி நடந்தாரா என்றுதான் பார்ப்பார்கள். முடிவெடுத்த முறையில் தவறு இல்லையென்றால் முடிவில் கைவைக்க அவர்களுக்கு அதிகாரம் இல்லை. இதை முதலிலேயே விளக்கிச் சொன்னால், ஒருவர் தன் ஆத்திரத்தை ஒதுக்கிவைத்து, கோப்பில் எது விடுபட்டது என்று தேடத் தொடங்குவார்.

தவறு இருந்தால் அவர்களின் கை பலமானது. ஆவணங்களையும் சாட்சிகளையும் அழைப்பதில் உயர் நீதிமன்றத்துக்குள்ள அதே அதிகாரம் அவர்களுக்கு உண்டு. இறுதி முடிவுக்கு முன் வரைவை இரு தரப்புக்கும் அனுப்பிக் கருத்துக் கேட்கிறார்கள். மன்னிப்பு, இழப்புக்கு ஒரு தொகை, விடுபட்ட சேவையை வழங்குதல், நடைமுறையைத் திருத்துதல் ஆகியவற்றை அவர்கள் பரிந்துரைக்கலாம். சிறப்புக் கல்வித் தேவையுள்ள பிள்ளைக்கு, அதற்கான கல்வி, சுகாதார, பராமரிப்புத் திட்டத்தில் எழுதப்பட்ட உதவி கிடைக்காமல் போயிருந்தால், பள்ளித் தவணை ஒன்றுக்கு 900 முதல் 2,400 பவுண் வரை வழங்கலாம் என்று அவர்களுடைய வழிகாட்டியே கூறுகிறது. பேச்சுப் பயிற்சி கிடைக்காமல் மாதக்கணக்கில் காத்திருக்கும் பிள்ளைகளின் பெற்றோரில் எத்தனை பேருக்கு இதை நாம் சொல்லியிருக்கிறோம்? இந்தப் பரிந்துரைகள் சட்டப்படி கட்டாயமில்லை. எனினும் கவுன்சில்கள் ஏறக்குறைய எப்போதும் அவற்றை ஏற்றுக்கொள்கின்றன. பொதுநலன் கருதி அறிக்கையாக வெளியிட்டால், அதைக் கவுன்சில் பத்திரிகையில் விளம்பரப்படுத்தி, தன் கூட்டத்தில் வைத்து ஆராய்ந்தாக வேண்டும்.

ஆகவே உங்களிடம் நான் வேண்டுவது இதுதான். ஒருவர் உங்களிடம் வந்தால் அவசரத்துக்கு உதவுங்கள்; அதே வேளையில் ‘இதை முதற்கட்ட முறைப்பாடாகப் பதியவும்’ என்ற வரியையும் அவருடைய பெயரில் அனுப்பச் செய்து, பதிவு எண்ணை வாங்கி அவர் கையில் கொடுங்கள். ஆங்கிலத்தில் எழுதத் தயங்குகிறவருக்கு, அவருடைய சம்மதத்துடன் பிள்ளையோ நண்பரோ நீங்களோ அவர் சார்பில் முறையிடலாம் என்பதைச் சொல்லுங்கள். உங்கள் கட்சி ஆட்சியிலிருக்கும் கவுன்சிலுக்கு எதிராக ஒரு முறைப்பாடு ஏறுவது உங்களுக்குச் சங்கடமாக இருக்கலாம். அந்தச் சங்கடத்தைவிட, பதிவில்லாத தவறு ஆண்டுக்கணக்கில் தொடர்வது பெரிய கேடு.

ஒவ்வோர் ஆண்டும் ஒம்புட்ஸ்மன் ஒவ்வொரு கவுன்சிலைப் பற்றியும் ஒரு புள்ளிவிவரத் தொகுப்பை வெளியிடுகிறார். எத்தனை முறைப்பாடுகள் வந்தன, விசாரித்தவற்றில் எத்தனை நியாயமானவை என்று கண்டார், ஒப்புக்கொண்ட திருத்தங்களைக் கவுன்சில் செய்து முடித்ததா என்பதெல்லாம் அதில் இருக்கும். அவர்களுடைய இணையத்தளத்திலும் எல்லோரும் பார்க்கலாம். அடுத்த தொகுப்பு வரும்போது அதை மேற்பார்வைக் குழுவின் நிகழ்ச்சிநிரலில் சேர்க்கும்படி கேளுங்கள். ஏற்றுக்கொண்ட ஒவ்வொரு பரிந்துரையும் எந்தத் திகதியில், எந்தப் பிரிவால் நிறைவேற்றப்பட்டது என்ற விவரத்தை அதிகாரிகளிடமிருந்து எழுத்தில் பெற்று, உங்கள் தொகுதி மக்களுக்குத் தமிழிலும் தெரியப்படுத்துங்கள்.

மதிப்புடன்,
வடமேற்கு லண்டனில் கவுன்சில் வரி செலுத்தும் தமிழர் ஒருவர்