மரே குடும்பமும் உன் பிரெஞ்சும்

காரைக்கால்

அன்பு மகளுக்கு,

நாவலைப் பிரெஞ்சில் எழுதத் தொடங்கியிருப்பதாகவும், அப்பா மனம் வருந்துவாரோ என்று இத்தனை நாள் சொல்லாமல் இருந்ததாகவும் எழுதியிருந்தாய். எனக்கு வருத்தம் இல்லை, அம்மா. பாரிசில் நீ குடியிருக்கும் மரே பேட்டையின் பெயரைக் கொண்டே காரணம் சொல்கிறேன்.

மரே என்றால் சதுப்பு நிலம். சேன் ஆற்றின் வலக்கரையில் தண்ணீர் தேங்கிக் கிடந்த பள்ளம் அது. இடைக்காலத்தில் துறவிகளும் டெம்ப்ளர்கள் என்ற போர்த்துறவிகளும் நீரை வடித்துத் தோட்டம் போட்டார்கள். காய்கறி பயிரிடுபவரைப் பிரெஞ்சுக்காரர்கள் இன்றும் ‘மரெஷே’ என்றுதான் சொல்கிறார்கள்.

பிரான்சின் பல பகுதிகளில் சதுப்போரம் வாழ்ந்தவர்களுக்கு அதுவே குடும்பப் பெயரும் ஆனது. புராட்டஸ்டன்டுகளுக்கு வழிபாட்டு உரிமை தந்திருந்த நாந்த் ஆணையை 1685இல் மன்னர் பதினான்காம் லூயி ரத்து செய்ததும் அவர்களில் பலர் நாட்டைவிட்டு ஓடினார்கள். அப்படி ஓடிய ஷார்ல் மரேயின் குடும்பம் 1688இல் தென்னாப்பிரிக்காவின் நன்னம்பிக்கை முனையில் கரையிறங்கியது. டச்சுக் கம்பெனி அவர்களை டச்சுக்காரர்களுக்கு நடுவே குடியேற்றியது. சில தலைமுறைகளில் பிரெஞ்சுப் பேச்சு அற்றுப்போய், பெயர் மட்டும் தங்கியது.

அந்தப் பெயரோடு 1871இல் பிரிட்டோரியாவில் பிறந்தவர் யூஜீன் மரே. படித்தது ஆங்கிலத்தில். ஆனாலும் டச்சிலிருந்து அங்கே கிளைத்த, சமையலறைப் பேச்சு என்று பலர் இகழ்ந்த ஆஃப்ரிகான்ஸ் மொழியில்தான் 1905இல் ‘குளிர்கால இரவு’ கவிதையை எழுதினார். பிரிட்டிஷாரோடு நடந்த போயர் போரில் அவருடைய மக்கள் தோற்று மூன்று ஆண்டுகளே ஆகியிருந்தன. மெலிந்த குளிர்காற்று, நட்சத்திர ஒளியில் பரந்த வெளி, தீய்ந்த குன்றுகளில் அசையும் புல்விதை. அவ்வளவுதான் கவிதை. ஒரு மொழியின் இலக்கியமே அதிலிருந்து எழுந்தது என்று சொல்பவர்கள் உண்டு. நானும் அப்படித்தான் நினைக்கிறேன்.

பிறகு ஆண்டுக்கணக்கில் கறையான் புற்றுகளைக் கவனித்து, புற்று முழுவதும் ஒரே உடல்போல் இயங்குகிறது என்று ஆஃப்ரிகான்சிலேயே எழுதினார். நோபல் பரிசு பெற்ற பெல்ஜிய எழுத்தாளர் மேட்டர்லிங்க் 1926இல் கறையான்களைப் பற்றிப் பிரெஞ்சில் நூல் வெளியிட்டார். தம் கருத்து திருடப்பட்டது என்று மரே கொதித்தார். பாட்டன்மார் இழந்த மொழிக்குள் பேரனின் உழைப்பு இந்த விதமாகப் போய்ச் சேர்ந்ததை நினைத்தால் எனக்கு இன்றும் ஆறவில்லை.

எந்த மொழியில் எழுதினார் என்பதைவிட, அந்தப் புல்லையும் புற்றையும் அவர் அறிந்திருந்த விதம்தான் எனக்குப் பெரிது. நீயும் காரைக்காலை அப்படி அறிந்தவள். பிரெஞ்சிலேயே எழுது. பாட்டி பேசும் பக்கங்களை மட்டும் முதலில் அனுப்பு. அவள் கோபம் பிரெஞ்சில் சரியாக வந்திருக்கிறதா என்று நானும் அம்மாவும் பார்த்துச் சொல்கிறோம்.

அன்புடன்,
அப்பா