கோமதிக்கு, அண்ணன் ரிப்போர்ட் பத்தி

கோமதி,

உன் மெசேஜ் எதுக்குமே பதில் போடல, கோவமா இருப்பன்னு தெரியும். இங்க எல்லாரும் சௌக்கியம். அம்மாவுக்கு முட்டிவலி எப்படி இருக்கு? உஷா உன்கிட்ட வந்து பேசினாளாமே, அதை ஒண்ணு விடாம தனியா எழுது.

அண்ணனுக்கு எண்டோஸ்கோபி பண்ணாங்கடி. பயாப்சில இன்டஸ்டைனல் மெட்டாப்ளேசியான்னு வந்திருக்கு. கேன்சர் இல்ல, பயப்படாத. இரைப்பையோட உள்சுவர்ல சில இடத்துல குடல் செல்லுங்க முளைச்சிருக்கு, அப்பப்ப செக் பண்ணிக்கணும், அவ்வளவுதான்னு ரெண்டு வரில சொல்லி அனுப்பிட்டாங்க. இரைப்பைல எப்படிடி குடல் வரும்னு ஒருத்தரும் சொல்லல! அந்த ஆத்திரத்துல படிக்க ஆரம்பிச்சேன், இப்ப நிறுத்த முடியல, வீட்ல யாரும் காது குடுத்துக் கேக்கல, நீதான் கேக்கணும், எம்ப்ரியாலஜி ரெக்கார்டு முழுக்க என்னதைப் பாத்துதானே வரைஞ்ச.

கரு நாலு வாரம் இருக்கும்போது சீரண உறுப்புன்னு ஒண்ணும் தனியா கிடையாது, ஒரு குழாய், அவ்வளவுதான். அதுல முன்பக்கம் சாக்ஸ்2ங்கிற ஜீன் ஓடுது, பின்பக்கம் சிடிஎக்ஸ்2. முன்பக்கம் உணவுக்குழாய், இரைப்பைன்னு ஆகுது, பின்பக்கம் குடலாகுது. எலிக்கருவோட எண்டோடெர்ம்ல, அதான் அந்தக் குழாயோட உள்சுவரா ஆகிற செல் அடுக்குல, சிடிஎக்ஸ்2வை மட்டும் எடுத்துட்டுப் பாத்திருக்காங்க, 2009ல வந்த பேப்பர், பெருங்குடல் சரியா உருவாகவே இல்ல, குடலோட பின்பகுதில உணவுக்குழாய் செல்லு மாதிரி வந்து உக்காந்திருக்கு. அதையே திருப்பி, இரைப்பைல சிடிஎக்ஸ்2வை ஓட விட்டா அங்க காப்லெட் செல்லோட, அதான் குடல்ல சளி சுரக்குற செல்லோட, குடல் வருது, அது 2002லயே பண்ணிட்டாங்க. அண்ணனுக்கு இருக்கிற மாதிரி இடங்கள்லயும் இதே சிடிஎக்ஸ்2 ஆன் ஆகியிருக்கும்னு படிச்சப்ப எனக்குத் தூக்கமே வரல.

இன்னொண்ணு கேளு. இரைப்பைக்கு 'நீ இரைப்பை'ன்னு சொல்றது அந்த உள்சுவர் செல்லு மட்டும் இல்ல, சுத்தி இருக்கிற மீசென்கைமும், அதான் வெளிப்பக்கத்து இணைப்புத்திசு செல்லுங்களும், சொல்லுது. அதுல பார்எக்ஸ்1னு ஒரு ஜீன், அது விண்ட்ங்கிற, குடலாகச் சொல்ற சிக்னலை அடக்கி வைக்குது. அந்த ஜீன் இல்லாத எலியில இரைப்பை இருக்கவேண்டிய இடத்துல குடல் மாதிரி வருது. கல்லீரல் கதையும் இப்படித்தான், பக்கத்துல உருவாகிட்டிருக்கிற இதயத்துலேர்ந்து எஃப்ஜிஎஃப்ங்கிற புரத சிக்னல் வந்தாதான் அந்த எண்டோடெர்ம் கல்லீரல் ஆகும், வரலேன்னா அதே செல்லுங்க கணையத்துக்குப் போற வழியில திரும்பிடும். கணையத்துக்கு பிடிஎக்ஸ்1ங்கிற ஜீன் வேணும். அந்த ஜீனோட ரெண்டு காப்பியும் கெட்டுப்போய் கணையமே இல்லாம ஒரு குழந்தை பொறந்ததை 1997ல ரிப்போர்ட் பண்ணியிருக்காங்க. அதைப் படிச்சிட்டு மேல போக முடியாம கொஞ்ச நேரம் அப்படியே உக்காந்திருந்தேன்.

இதெல்லாம் கருவுல முடிஞ்சுபோற விஷயம்னுதானே நமக்குச் சொல்லிக் குடுத்தாங்க? இல்லடி. வளர்ந்த எலியோட குடல் ஸ்டெம் செல்லுலேர்ந்து, அதான் புதுசு புதுசா குடல் செல்லை உண்டாக்குற மூல செல்லுலேர்ந்து, சிடிஎக்ஸ்2வை எடுத்தா அது இரைப்பை ஸ்டெம் செல்லு மாதிரி மாறிடுது, 2014 பேப்பர். அப்ப குடல் குடலாவே இருக்கணும்னா அந்த ஜீன் ஆயுசு முழுக்க வேலை பாத்துட்டே இருக்கணும். அண்ணனுக்கு எச். பைலோரிங்கிற இரைப்பை பாக்டீரியா வருஷக்கணக்கா இருந்திருக்கு போல, அந்தப் புண்ணுலயும் வீக்கத்துலயும் இந்தக் கட்டுப்பாடு எங்கயோ தளர்ந்திருக்கணும்னு நான் நினைக்கிறேன். அதுலயும் கம்ப்ளீட், இன்கம்ப்ளீட்னு ரெண்டு வகை இருக்காம், இன்கம்ப்ளீட்ல கேன்சர் ரிஸ்க் கூட. ரிப்போர்ட்ல எந்த வகைன்னே போடல, எத்தனை இடத்துல பீஸ் எடுத்தாங்கன்னும் இல்ல. இதைக் கூட எழுதாம என்ன ரிப்போர்ட்? ஃபோட்டோ அனுப்புறேன், உங்க பேத்தாலஜி மேடம்கிட்ட காட்டி ஸ்லைடைத் திரும்பப் பாக்கச் சொல்லலாமான்னு கேளு. இதை மட்டும் தள்ளிப் போடாத, ப்ளீஸ்.

அப்புறம் நீ ஆர்கனாய்டு ஒர்க்‌ஷாப் போனியே, லேப்ல குட்டி உறுப்பு வளர்க்கிறது, ஸ்டெம் செல்லுலேர்ந்து குடலை வளர்க்கிற அதே வழில வைட்டமின் ஏலேர்ந்து வர்ற ரெட்டினாயிக் ஆசிடும் குடுத்து, பிஎம்பிங்கிற இன்னொரு புரத சிக்னலையும் தடுத்தா இரைப்பையா திரும்புதாமே, நிஜமா பாத்தியா? மடிப்பெல்லாம் தெரிஞ்சுதா? ஃபோன் பண்ணாத, நீ பாதில வெச்சிடுவ. எழுது.

செல்வி