சுந்தனும் உபசுந்தனும் உன் ஊரில்தான்

காரைக்கால்

அன்புள்ள தம்பிக்கு,

அப்பா எழுதுவது. இங்கே எல்லோரும் நலம். அம்மாவுக்கு முழங்கால் வலி மட்டும் விட்டபாடில்லை.

கம்போடியா போய்வந்த கதையை அன்று போனில் ஆரம்பித்தேன், நீ ஆபீசுக்கு ஓடிக்கொண்டிருந்தாய். அதனால் எழுதுகிறேன். அங்கோர் வாட்டைப் பார்த்து எங்கள் கூட்டம் மொத்தமும் வாயைப் பிளந்தது. எனக்கென்னவோ அங்கிருந்து சுமார் 25 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் பாந்தே ஸ்ரீதான் மனதில் நிற்கிறது. கி.பி. 967இல் குடமுழுக்கு கண்ட சிவன் கோயில். ராஜா கட்டியதல்ல, யஜ்ஞவராகர் என்ற ராஜகுரு கட்டியது. சின்னக் கோயில்தான், ஆனால் அந்தச் சிவப்பு மணற்கல்லில் விரற்கடை இடம்கூட விடாமல் மரத்தில் இழைத்தாற்போலச் செதுக்கியிருக்கிறார்கள். ராவணன் கைலாயத்தை அசைக்கிறான், உமை பயந்துபோய் ஈசனை ஒட்டிக்கொள்கிறாள். கிழக்குக் கோபுர முகப்பில் ஈசன் ஆடுகிறார். கீழே ஓரமாக, எலும்பும் தோலுமாய், மார் வற்றிப்போன ஒரு கிழவி. யாரென்கிறாய்? நம் காரைக்கால் அம்மையார் என்றுதான் ஆய்வாளர்கள் சொல்கிறார்கள். மாங்கனித் திருவிழாவில் வருஷா வருஷம் பார்க்கிறவளைக் கடல் தாண்டிப் பார்த்ததும் எனக்குக் கண் கலங்கிவிட்டது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். அந்தக் கோயிலின் முகப்பு ஒன்று உன் பாரிசில், கிமே மியூசியத்தில் இருக்கிறது. (அதே கோயிலில் 1923இல் தேவதைச் சிற்பங்களைப் பெயர்த்தெடுத்துப் பிடிபட்ட ஆந்த்ரே மல்ரோதான் பிற்பாடு பிரான்சுக்குக் கலாசார மந்திரி. என்னத்தைச் சொல்ல!) நான் படத்தில்தான் பார்த்தேன்.

சுந்தன், உபசுந்தன் என்று அண்ணன் தம்பி இரண்டு அசுரர்கள். மகாபாரதத்தில் நாரதர் பாண்டவர்களுக்குச் சொல்லும் கதை. ஒரே வீடு, ஒரே படுக்கை. ஒருவன் கையால் மற்றவன் செத்தால் உண்டு, வேறு யாராலும் சாவில்லை என்று வரம் வாங்கினார்கள். எவ்வளவு நம்பிக்கை பார். பிரம்மா சொல்ல, விசுவகர்மா உலகத்து அழகிலெல்லாம் எள்ளளவு எள்ளளவாக எடுத்துத் திலோத்தமையைச் செய்தான். அந்த முகப்புக் கல்லில் அவள் நடுவே நிற்கிறாள். ஆளுக்கொரு பக்கம் பிடித்து இழுக்கிறார்கள், கதாயுதத்தை ஓங்கியாயிற்று. அடி இன்னும் விழவில்லை. செதுக்கியவன் அந்த இடத்திலேயே உளியை நிறுத்திவிட்டான். அதை நீ நேரில் போய்ப் பார்க்க வேண்டும்.

அண்ணன் போன ஞாயிற்றுக்கிழமை வந்திருந்தான். உன்னைப் பற்றி நேராக எதுவும் கேட்கவில்லை. "அங்கே குளிர் ஆரம்பித்திருக்குமே" என்றான். மனைப் பத்திரம் என் பீரோவில்தான் இருக்கிறது, அதற்கு ஒன்றும் அவசரமில்லை.

லீவு நாளில் ஒரு நடை போய் வா. இயெனா மெட்ரோவில் இறங்கினால் பக்கத்திலேயே. போட்டோ எடுத்தால் எனக்கு அனுப்பு. அண்ணனுடைய நம்பர் மாறவில்லை, அதே பழைய நம்பர்தான்.

அப்பா